சல்பரா, அலுமினாவா? பாத எரிச்சலோடு வந்த ஒரு விசைத்தறித் தொழிலாளி: நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஹோமியோபதியில் நோயாளியைத் துயரர் என்போம். இந்தத் துயரருக்கு வயது 56. ஈரோடு மாவட்டத்தில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் பகல் ஷிப்ட் பார்க்கிறவர். முப்பது ஆண்டுக்கும் மேலாக நின்றபடியே செய்த வேலை. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின் 1000 மி.கி. காலையும் இரவும், கிளிமிப்பிரைடு 2 மி.கி. காலையில் மட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுவதால் ஒரு வேளைகூடத் தவறியதில்லை என்றார் மனைவி. அவர் கொண்டுவந்திருந்த காலி அட்டைகளும் அதையே சொல்லின.

நான் பி.எச்.எம்.எஸ். என்ற ஹோமியோபதிப் பட்டம் படித்து, சிறு நகரம் ஒன்றில் கிளினிக் நடத்துகிறவள். நாட்பட்ட தொல்லையோடு வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். நாலு இடம் பார்த்துவிட்டு, "ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை" என்ற பேச்சைக் கேட்டுச் சலித்துப்போய் வருவார்கள். இவரும் அப்படித்தான் வந்தார். ஆனால் இவரிடம் இருந்த ரிப்போர்ட் எல்லாம் சர்க்கரை அளவு மட்டுமே.

முறையீடுகள் ஒன்றரை ஆண்டாகச் சேர்ந்துகொண்டே வந்தவை. இரண்டு பாதத்திலும் எரிச்சல், அதுவும் இரவில். உடல் அசதி. மலச்சிக்கல். முற்பகலில் திடீரென்று வரும் தளர்ச்சி. உச்சந்தலையில் சூடு. எரிச்சல் மிகுந்த கோபம் என்று மனைவி தனியாகச் சேர்த்துச் சொன்னார்.

எங்களிடம் வருவதற்கு முன் வேறொரு ஹோமியோபதி மருத்துவரிடம் ஐந்து மாதம் பார்த்திருக்கிறார். அங்கே கந்தகத்திலிருந்து செய்யும் சல்பர் என்ற மருந்து: முதலில் 200 வீரியம் (எத்தனை முறை நீர்த்தது என்ற கணக்கு), பிறகு அதைவிட உயர்ந்த 1எம். முதல் மருந்து சாப்பிட்ட இரண்டு வாரம் நன்றாக இருந்ததாம். அடுத்து எரிச்சல் பழையதைவிடக் கூடியது. "மருந்து வேலை செய்கிறது, உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லப்பட்டது. அவரும் பொறுத்துக்கொண்டார்.

முதல் சந்திப்பில் பதிவானவை

பங்குனி வெயில் தொடங்கியிருந்த நேரம். இரவில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "மிளகாயை அரைத்துப் பூசியதுபோல எரிகிறது அம்மா. போர்வைக்குள் காலை வைக்க முடியாது. சாக்கை நனைத்துக் கட்டிலுக்குக் கீழே போட்டிருப்பேன். எழுந்து அதில் காலை வைத்தால்தான் கொஞ்சம் அடங்கும்."

பதினொரு மணி வாக்கில் வயிறு உள்ளே இழுத்துக்கொண்டதுபோல் ஆகி, வியர்த்து, கை நடுங்கும். ஏதாவது வாயில் போட்டால் கால் மணி நேரத்தில் தெளிந்துவிடும். மலம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. நின்றுகொண்டிருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம் என்றார். முப்பது ஆண்டாக நின்று பிழைத்தவர் சொல்லும்போது அதற்கு வேறொரு கனம் இருந்தது.

மனைவி தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். "இவர் இப்போதெல்லாம் குளிப்பதே இல்லை டாக்டரம்மா. மூன்று நாள், நான்கு நாள் ஆனாலும் கேட்க மாட்டார். சொன்னால் சண்டைக்கு வருகிறார்." துயரர் தலையைக் குனிந்துகொண்டார், பதில் சொல்லவில்லை.

உணவு: 14 ஆண்டுகளுக்கு முன் பழனிக்கு வேண்டிக்கொண்டு அசைவத்தை விட்டவர், முட்டையும் இல்லை. சர்க்கரை வந்த பிறகு பாலையும் தயிரையும் குறைத்துக் கறுப்புத் தேநீருக்கு மாறியிருக்கிறார். குடி, புகை இரண்டும் கிடையாது. நெஞ்செரிச்சலுக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒமிப்ரசோல் தினமும் ஒன்று. எத்தனை நாளாக என்றால், "அது ரொம்ப வருஷமாக" என்றார். அதை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வேறு என்ன மாத்திரை என்று மூன்றாவது முறை கேட்டபோதுதான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

மருந்துகாண் ஏடு காட்டிய வழி

ஹோமியோபதி படித்த யாரும் இந்தப் பதிவைப் பார்த்தவுடன் சல்பர் என்று சொல்லிவிடுவார்கள். இரவில் பாத எரிச்சலால் காலைப் போர்வைக்கு வெளியே நீட்டுவது, முற்பகல் பதினொரு மணிக்கு வயிறு இறங்கிப்போன உணர்வு, நிற்க முடியாமை, குளிக்க வெறுப்பு, உச்சந்தலைச் சூடு. இவை ஐந்தும் மாணவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் சல்பரின் தலையாய குறிகள். பாடப்புத்தகத்துக்கு வெளியே ஐந்தும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது அபூர்வம். முந்தைய மருத்துவர் சல்பர் கொடுத்ததைக் குறிகளின் கணக்கில் யாரும் குறை சொல்ல முடியாது.

1897-ல் வெளிவரத் தொடங்கிய கென்ட்டின் மருந்துகாண் ஏட்டில் (ஒவ்வொரு குறிக்கும் பொருந்தும் மருந்துகளைத் தொகுத்த நூல்), காலைப் போர்வைக்கு வெளியே நீட்டும் குறியின் கீழ் சல்பரோடு கேமமில்லா, மெடோரினம், பல்சட்டில்லா, சாங்குனேரியா ஆகியவையும் இருக்கின்றன. அவற்றின் மற்ற குணங்கள் இவருக்குப் பொருந்தவில்லை. ஆர்சனிகம் ஆல்பத்திலும் எரிச்சல் உண்டு. ஆனால் அது வெப்பத்தில் அடங்கும் எரிச்சல். இவருக்கு ஈரச் சாக்கு வேண்டியிருந்தது. சிகேலியில் கால் தொட்டால் சில்லென்று இருக்கும், ஆனாலும் மூடப் பொறுக்காது. இவர் பாதம் வெதுவெதுப்பாக இருந்தது, நாடி இரண்டு பாதத்திலும் நன்றாகக் கிடைத்தது.

ஆக, சல்பர். கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு பொருந்திய மருந்து ஏன் ஐந்து மாதத்தில் ஒன்றும் செய்யவில்லை? என் துறையில் இதற்குத் தயாராக இருக்கும் விடைகள் உண்டு. வீரியம் சரியில்லை, இடையில் காபி குடித்திருப்பார், சோரா (நாட்பட்ட நோய்களின் அடிவேர் என்று எங்கள் நூல்கள் சொல்வது) ஆழமாக வேரூன்றியிருக்கிறது, துணை மருந்து தேவை. ஒவ்வொன்றும் அடுத்த புட்டியைத் திறக்கச் சொல்லும் விடைதான். எதுவும் துயரரின் காலை இன்னொரு முறை பார்க்கச் சொல்லாது.

நான் மறுபடி கேட்டது குளியலைப் பற்றி. வெறுப்பா, சோம்பலா, குளிரா? மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் ஆளைத் தள்ளுகிறது அம்மா. இரண்டு தடவை தொட்டியில் விழுந்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை."

அப்படியானால் இருட்டில்? இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார். மாலை மங்கிய பின் தெருவில் நடந்தால் கால் பின்னுகிறது. குடித்துவிட்டு வருவதாக அக்கம்பக்கத்தில் பேச்சு. அது மனைவி காதுக்கும் போயிருக்கிறது. இருவருமே அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. குதிகால் தரையில் படுவது தெரியவில்லை, பஞ்சின்மேல் வைப்பதாக இருக்கிறது என்றார். பட்டறையில் பாவு இழை அறுந்தால் பிணைக்க வேண்டும். இப்போது நூல் விரலுக்குத் தெரிவதில்லை. கண்ணால் பார்த்து, கண்ணை நம்பி முடிச்சுப் போடுகிறார்.

இந்தப் புதிய குறிகளை மருந்துகாண் ஏட்டில் போட்டால் சல்பர் பின்னுக்குப் போய்விடும். கண் திறந்திருந்தால் அல்லது பகலில் மட்டுமே நடக்க முடிவது, குதிகால் மரத்துப்போவது, தள்ளாட்டம், மலச்சிக்கல். போரிக்கின் மெட்டீரியா மெடிகா என்ற மருந்துக் குண நூலில், அலுமினா என்ற மருந்தின் தலைப்பின் கீழ் ஏறக்குறைய இதே சொற்கள் இருக்கின்றன. எல்லாக் குறிகளையும் சேர்த்து, முழுமைக்குறித் தொகுப்பு என்று பார்த்தால் அலுமினாதான் இப்போது முதலிடம். ஒரு மணி நேரம் கூடுதலாகப் பேசியதில் மருந்து மாறிவிட்டது என்று சந்தோஷப்பட்டு, அலுமினா 30 எழுதி அனுப்பியிருக்கலாம். பல வழக்குப் பதிவுகள் இந்த இடத்தில்தான் "சரியான மருந்து கண்டுபிடிக்கப்பட்டது" என்று முடிகின்றன.

அதே குறி, வேறு வழி

கண்ணை மூடினால் தள்ளாடுவது 1840-களில் பெர்லின் மருத்துவர் ரோம்பெர்க் எழுதிவைத்த அறிகுறி. காலும் மூட்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்ற செய்தி தண்டுவடத்தின் பின்பகுதி வழியாக மூளைக்குப் போகிறது. அந்தத் தடம் பழுதானால் மனிதர் கண்ணைக் கொண்டு ஈடுகட்டுகிறார். கண்ணை மூடினாலோ இருட்டினாலோ அந்த ஈடு போய்விடும். 19-ஆம் நூற்றாண்டின் ஹோமியோபதி மருத்துவர்களும் இதைக் கூர்ந்து பார்த்துத்தான் அலுமினாவின் கீழ் பதிந்தார்கள். அவர்களிடம் அதற்குமேல் போகக் கருவி இல்லை. எங்களிடம் இருக்கிறது.

ஐந்தரை ஆண்டுப் படிப்பில் நரம்புப் பரிசோதனை எங்களுக்கும் சொல்லித்தரப்படுகிறது. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்தேன். "ஏதாவது தெரிகிறதா?" "இரும்பு வைத்திருக்கிறீர்கள்." அதிர்கிறதா என்றால் இல்லை. கணுக்காலில் இல்லை. முழங்காலுக்கு வந்தபோதுதான் சற்றே வியப்போடு, "ஆமாம், உறுமுகிறது" என்றார். கண்ணை மூடச் சொல்லிப் பெருவிரலை மேலும் கீழும் அசைத்தால் திசையைப் பாதிக்குமேல் தவறாகச் சொன்னார். கணுக்கால் அனிச்சை இல்லை. கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னதும் சாய்ந்தார். பக்கத்தில் நான் கையை வைத்திருந்தேன். நாக்கு வழவழப்பாகச் சிவந்திருந்தது. கீழ் இமை வெளிறியிருந்தது.

பாத எரிச்சல், அனிச்சை இல்லாமை, அதிர்வு தெரியாமை ஆகியவை 12 ஆண்டுச் சர்க்கரை நோயில் தனியாகவே வரலாம். அதனால்தான் இதற்குமுன் பார்த்தவர்களும் "சர்க்கரைக் கால்" என்று விட்டிருக்க வேண்டும். ஆனால் இந்த அளவு தள்ளாட்டமும், கைவிரலில் நூல் தெரியாததும், நாக்கும், வெளிறலும் சேர்ந்தால் வைட்டமின் பி12 பற்றாக்குறையை முதலில் விலக்கியாக வேண்டும்.

இவரிடம் பி12 குறைய மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பி12 இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் உண்டு. இவர் உணவில் நான்குமே இல்லை அல்லது மிகக் குறைவு. உணவிலுள்ள புரதத்திலிருந்து பி12-ஐப் பிரிக்க வயிற்று அமிலம் வேண்டும். அதை ஒமிப்ரசோல் பல ஆண்டாக அடக்கிவைத்திருந்தது. பிரிந்த பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படுவதை மெட்ஃபார்மின் குறைக்கும். கல்லீரலில் சில ஆண்டுக்கான இருப்பு இருக்கும் என்பதால் விளைவு உடனே தெரியாது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜூனில் மருத்துவர்களுக்கு இதையே நினைவூட்டியது: மெட்ஃபார்மின் எடுப்பவருக்குப் பி12 குறைவின் அறிகுறி இருந்தால் இரத்தத்தில் பாருங்கள் என்று.

பதினொரு மணிக் குறியையும் இதே கேள்விக்கு உட்படுத்தினோம். காலை ஆறரைக்குக் கறுப்புத் தேநீர், கூடவே கிளிமிப்பிரைடு. ஏழு மணிக்குப் பட்டறை. சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பது பதினொன்றரைக்குமேல். கிளிமிப்பிரைடு சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய மாத்திரை. வெறும் வயிற்றில் அது சர்க்கரையை இறக்கிவிடும். வேலை நாள் ஒன்றில் தளர்ச்சி வந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொன்னோம். 64 வந்தது. 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. ஆகவே, பிரசித்தி பெற்ற சல்பர் குறி ஒன்று, காலை மாத்திரைக்கும் சாப்பாட்டுத் தூக்குக்கும் நடுவே இருந்த ஐந்து மணி நேரம்தான்.

உச்சந்தலைச் சூட்டுக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

இரத்தப் பரிசோதனையில் பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 118 பிக்கோகிராம். 200-க்குக் கீழே பற்றாக்குறை என்பது வழக்கமான அளவுகோல். ஹீமோகுளோபின் 10.6. சிவப்பணுவின் சராசரிக் கனஅளவு 107 (இயல்பு 80 முதல் 100 வரை). மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.4 சதவீதம். தைராய்டும் சிறுநீரகமும் இயல்பு. பி12 பரிசோதனைக்கான செலவு அவருக்கு ஏறக்குறைய இரண்டு நாள் கூலி. அதனால் கூடுதலாக எதையும் எழுதவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

முடிவு: ஹோமியோபதி மருந்து எதுவும் கொடுக்காமல், கடிதத்தோடு பொது மருத்துவரிடம் அனுப்புவது.

பி12 ஊசி என் துறையில் நான் எழுதும் மருந்தல்ல. கிளிமிப்பிரைடைக் குறைப்பதோ நேரம் மாற்றுவதோ அதை எழுதியவர் செய்ய வேண்டியது. இதில் தயக்கத்துக்கு இடமில்லை. தண்டுவடப் பாதிப்பு நாள் கடந்தால் திரும்பாது. ஒவ்வொரு வாரமும் கணக்கில் வரும்.

யோசிக்க வேண்டியிருந்தது வேறொன்று. ஊசியோடு சேர்த்து அலுமினாவையும் கொடுக்கலாமா? சக மருத்துவர்கள் பலர் "இரண்டும் போகட்டும், கெடுதல் இல்லையே" என்பார்கள். நான் வேண்டாம் என்று தீர்மானித்தேன். 12சி-யை (நூறில் ஒரு பங்காகப் பன்னிரண்டு முறை நீர்த்தது) தாண்டிய வீரியத்தில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது எஞ்சும் வாய்ப்பு மிகச் சொற்பம் என்பது அவகாட்ரோ எண்ணிலிருந்து வரும் எளிய கணக்கு. ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான சான்று எந்த நோயிலும் இல்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல, மருத்துவ ஆய்வு மன்றம் 2015-ல் முடிவு சொன்னது. என் துறைக்குள் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். இந்த வழக்கில் அந்த வாதத்தைத் தீர்க்கவேண்டிய அவசியமே வரவில்லை. சல்பரை முழுமையாக நம்புகிறவரும், பி12 இல்லாமல் கெடுகிற நரம்புக்குப் பி12-தான் கொடுக்க வேண்டும். ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமனே தன் ஆர்கனான் நூலின் ஏழாவது மணிமொழியின் அடிக்குறிப்பில், நோயைத் தூண்டும் அல்லது நீடிக்கவைக்கும் வெளிக்காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் அதை அகற்று என்கிறார். கண்ணில் தூசி விழுந்தால் அதை எடு, அறையில் மலரின் நெடியால் மயக்கம் வந்தால் மலரை வெளியே வை என்பன அவர் தரும் உதாரணங்கள்.

இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. ஊசி ஒன்றுவிட்ட ஒருநாள் போட்டுக்கொள்ள வேண்டும், கூலி கெடும், வலிக்கும். சர்க்கரை உருண்டை இனிக்கும். இரண்டும் சேர்ந்து போய்க் கால் தேறினால், இவர் எதைப் பாராட்டி எதை நிறுத்துவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மருந்தில்லாத வெறும் உருண்டையை, நாங்கள் சாக் லாக் என்று சொல்வதை, மன ஆறுதலுக்காகக் கொடுக்கும் பழக்கம் எங்கள் கிளினிக்குகளில் பரவலாக உண்டு. அதையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்தோம். அது எளிதாக இல்லை. "இவ்வளவு நேரம் கேட்டுவிட்டு ஒரு மாத்திரைகூடக் கொடுக்காமல் அனுப்புகிறீர்களே" என்று மனைவி கேட்டார். அவர் கேட்டது நியாயம். உட்காரவைத்து, சாக்கு, சோப்பு, நூல், பதினொரு மணி என்று ஒவ்வொன்றாக எதனால் வருகிறது என்று தாளில் வரைந்து காட்டினேன். தொட்டியில் விழுந்தது அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது. துயரரின் சம்மதத்தோடுதான் சொன்னேன். குடிப்பேச்சுக்கும் அந்தத் தாளிலேயே விடை இருந்தது.

தொடர்ந்து நடந்தவை

பொது மருத்துவர் பி12 ஊசி 1000 மைக்ரோகிராம் ஒன்றுவிட்ட ஒருநாள் தொடங்கி, பின் வாரம் ஒன்று, பின் மாதம் ஒன்று என்று நீட்டினார். ஒமிப்ரசோலைப் படிப்படியாக நிறுத்தினார். கிளிமிப்பிரைடைப் பாதியாகக் குறைத்து, காலைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும் என்றார். மெட்ஃபார்மின் தொடர்ந்தது, அது நல்ல மருந்து, பி12-ஐக் கவனித்துக்கொண்டால் போதும். வேண்டுதலைக் கலைக்கச் சொல்லவில்லை. பால், தயிர் திரும்ப வந்தன.

முதலில் போனது பதினொரு மணித் தளர்ச்சி. காலை இட்லி சாப்பிட்டுப் பட்டறைக்குப் போன முதல் வாரத்திலேயே நின்றுவிட்டது.

எரிச்சல் குறையவில்லை. மூன்றாம் வாரம் கூடியது. மனைவி தொலைபேசியில் கேட்ட கேள்வி எதிர்பார்த்ததுதான்: "இதுவும் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமா?" தெரியாது, அன்றே மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள் என்றேன். துயரரின் காலில் புண், தொற்று, சர்க்கரை ஏற்றம் எதுவும் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்துகொண்டு ஊசியைத் தொடர்ந்தார். மீளும் நரம்பு சில சமயம் இப்படிக் குத்தும் என்று அவர் விளக்கியதாகச் சொன்னார்கள். அதிகரிப்பு எப்போதுமே கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. அதை நல்லதென்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் காலைத் திறந்து பார்ப்பதில்லை, அதுதான் பிரச்சினை. சர்க்கரை நோயாளியின் மரத்துப்போன காலில் பார்க்காமல் விடும் ஒரு மாதம் பெரிய அபாயம்.

இரண்டாம் மாத முடிவில் ஹீமோகுளோபின் 12.3. அசதி போய்விட்டது என்று அவரே சொன்னார். மூன்றாம் மாதம் குளியலறையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து தினமும் குளித்துக்கொண்டிருந்தார். நான்காம் மாதத்தில் இசைக்கவை கணுக்காலில் உறுமியது, பெருவிரலில் இல்லை. கண்ணை மூடி நின்றால் ஆட்டம் இருந்தது, சாயவில்லை. நூல் விரலுக்குத் தெரிகிறதா என்று கேட்டதற்குச் சட்டைப் பொத்தானின் தொங்கும் இழையைக் கண்ணை மூடியபடி பிடித்து முடிந்து காட்டினார். ஈரச் சாக்கு எட்டாம் மாதத்தில்தான் கட்டிலுக்குக் கீழிருந்து போனது. வெயில் கடுமையான நாள்களில் எரிச்சல் இன்னும் வருகிறது. விரல் நுனிகளில் மரப்பு அப்படியே இருக்கிறது. இது சர்க்கரையால் வந்த பங்காக இருக்கலாம், பி12 தாமதத்தால் திரும்பாமல் போன பங்காகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லை.

அந்த எட்டாம் மாதத்தில் அவரே கேட்டார்: மிச்சமிருக்கும் மரப்புக்கு இப்போதாவது நம் மருந்து கொடுக்கலாமே என்று. இறந்த நரம்பிழையை எங்கள் உருண்டை உயிர்ப்பிக்கும் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை, காசு வாங்க மனம் வரவில்லை என்றேன். செருப்பில்லாமல் நடக்காதீர்கள், தினமும் இரவு மனைவியைப் பாதத்தின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். சற்று ஏமாற்றத்தோடுதான் போனார்.

முந்தைய மருத்துவரிடமும் பேசினேன். துயரருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அந்த மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சல்பர் 1எம் ஆழமாக வேலை செய்துகொண்டிருந்தது, இடையில் ஊசி புகுந்து பேரைத் தட்டிச் சென்றுவிட்டது என்றார். உயர் வீரியத்தின் ஒரு வேளை பல வாரம் வேலை செய்யும் என்பது எங்கள் நூல்களில் உள்ள கருத்து. அதை வைத்து எந்த முன்னேற்றத்தையும், எவ்வளவு பிந்தி வந்தாலும், பழைய மருந்தின் கணக்கில் எழுதிவிடலாம். இரத்தத்தில் பி12 118-லிருந்து ஏறியதை மட்டும் அப்படி எழுத முடியாது என்றேன். முதல் சல்பருக்குப் பின்வந்த நல்ல இரண்டு வாரம் எப்போது என்று நாள்காட்டியில் பார்த்தோம். தீபாவளிக்குத் தறி நிறுத்தியிருந்த இரண்டு வாரம். துயரர் நின்று வேலை செய்யாத நாள்கள். இதற்கு அந்த மருத்துவர் பதில் சொல்லவில்லை. ஆனால் பிறகு பாத எரிச்சலோடு வந்த வேறு இருவரைப் பி12 பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

மாற்றிக்கொண்டவை

எங்கள் துயரர் பதிவுத் தாளில் "வேறு மருந்துகள்" என்று ஒரே வரி இருந்தது. இப்போது கடையில் கேட்டு வாங்குவது, நெஞ்செரிச்சல் மாத்திரை, வலி மாத்திரை, சத்து மாத்திரை என்று தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றும் எத்தனை ஆண்டு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதும். இசைக்கவை அலமாரியிலிருந்து மேசைக்கு வந்துவிட்டது. கை, கால் மரப்போ எரிச்சலோ சொல்பவருக்கு மருந்துகாண் ஏட்டைத் திறப்பதற்கு முன்பே அதை வைத்துப் பார்த்துவிடுகிறோம். மெட்ஃபார்மின் நான்கு ஆண்டுக்குமேல் எடுப்பவர், அசைவம் சாப்பிடாதவர், அமில மாத்திரையில் இருப்பவர் ஆகியோரில் யாருக்கு நரம்புக் குறி இருந்தாலும் பி12 பார்த்த பிறகுதான் மற்றது.

குறிகளைப் பதிவதிலும் ஒரு மாற்றம். "குளிக்க வெறுப்பு" என்று மருந்துகாண் ஏட்டின் சொல்லாக எழுதுவதில்லை. துயரர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி, பக்கத்தில் "ஏன்" என்ற கட்டத்தை நிரப்பிய பிறகே அதை ஒரு குறியாக எண்ணுகிறோம். நிரம்பாத கட்டம் இருக்கத்தான் செய்யும். இவருடைய தாளில் உச்சந்தலைச் சூட்டுக்கு எதிரே அது இன்னும் காலியாக இருக்கிறது. அந்தச் சூடு மட்டும் ஊசிக்கும் அடங்கவில்லை, அவருக்கு அது பெரிய தொல்லையாகவும் இல்லை.

கடிதம் எழுதுவதும் மாறியது. முன்பு "தங்கள் மேலான பார்வைக்கு" என்று ஒரு பக்கம் போகும். இவருக்கு எழுதியதில் நான்கே வரிகள்: மெட்ஃபார்மின் 12 ஆண்டு, ஒமிப்ரசோல் பல ஆண்டு, ரோம்பெர்க் உண்டு, பி12 118. பொது மருத்துவர் அன்றைக்கே ஊசியைத் தொடங்கியிருந்தார். அடுத்தடுத்த கடிதங்களை அதே அளவில் எழுதுகிறோம்.